உப்பில் போட்ட கொச்சிக்காய்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு முதலில் முட்டிவலிக்குப் போகும். அங்கிருந்து மாத்திரைக்கு. கடைசியில் யார் யார் எதையெல்லாம் சாப்பிடக்கூடாது என்பதில் வந்து நிற்கும். போன மாதம் டாக்டர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் மூன்றையும் தொடவே கூடாதாம். முதல் இரண்டும் சரி, மூன்றாவதைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். வெளியே ஏழெட்டுப் பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். இதைச் சொல்ல அது இடமில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ கொஞ்ச காலம் வளர்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். நம் காலத்தில் பிள்ளைகளை இங்கே கொஞ்ச நாள் அங்கே கொஞ்ச நாள் என்று மாற்றி வைப்பது சகஜம். பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டா வைத்தார்கள்?

எழுபதுகளில் நடந்தது. அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வாலிபத்திலேயே சிலோனுக்குப் போய், மாத்தளைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்தார். அம்மா அந்த மலையிலேயே பிறந்தவள். கடலைப் பார்த்ததுகூட இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டை ஒட்டி, கொச்சிக்காய்ச் செடிகள் நின்றன. மிளகாய்க்கு அங்கே அதுதான் பேர். ஆனால் இது நீங்கள் பார்க்கிற நீள மிளகாய் இல்லை. குண்டாக, மடிப்பு மடிப்பாக, குட்டிப் பூசணிக்காய்போல இருக்கும். பழுத்தால் மஞ்சள். காரம் அசுரக் காரம். அதைவிட வாசனைதான் பெரிசு. ஒன்றைக் கிள்ளினால் அடுப்படி முழுக்கப் பழவாசனை அடிக்கும். அம்மாவின் விரல்களில் எந்நேரமும் அந்த வாசனை இருந்தது. எனக்குத் தலை பின்னிவிடும்போது பின்னாலிருந்து லேசாக வரும்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு ஒன்பது வயது. அங்கே கடை நடத்துவது நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டு வந்தது. இருப்பதற்கு ஓர் அனுமதி, விற்பதற்கு ஓர் அனுமதி என்று எதற்கெடுத்தாலும் ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. அம்மா மட்டும் மசியவில்லை. ஒரு மழைநாளில் அடுப்படியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"மழ கெடயாது, நல்ல தண்ணி கெடயாது, எல்லாம் உப்பு. ஒரு கொச்சிக்காச் செடி மொளைக்குமா உங்க ஊர்ல? அங்க வந்து நான் என்னா செய்ய?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்வியை நான் அப்படியே பிடித்துவைத்துக்கொண்டேன். அம்மா தூத்துக்குடிக்கு வராததற்குக் காரணம் அதுதான், அது ஒன்றுதான் என்று என் புத்தியில் பதிந்துபோயிற்று. பெரியவர்கள் சொல்ல முடியாத ஒன்றுக்குப் பதிலாகச் சொல்ல முடிகிற இன்னொன்றைச் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

அவர்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் என்னை மட்டும் முதலில் அனுப்பினார்கள். பெரியப்பா வீட்டில் இருந்து படி, வருகிற சித்திரைக்குள் நாங்களும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்றார் அப்பா. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் கடை ஆள் ஒருவரோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். அம்மா சோறும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தாள். அந்த ஆள் கடித்துக்கொள்ள இரண்டு பழுத்த கொச்சிக்காயும் வைத்திருந்தாள். அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, இன்னொன்றை வேண்டாம் என்று ஒதுக்கினார். நான் அதை எடுத்து என் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டேன். ராமேஸ்வரத்தில் இறங்கி ரயில் மாறி ஊர் வந்து சேரும்வரை அதைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெரியப்பா வத்தல் வியாபாரி. காய்ந்த மிளகாயைத் தூத்துக்குடியில் வத்தல் என்று சொன்னால் போதும். விளாத்திகுளத்துக் கரிசல் காட்டிலிருந்து மூடை மூடையாக வந்து அவருடைய கிட்டங்கியில் அடுக்கப்படும். முன்பக்கம் கடை, பக்கவாட்டில் கிட்டங்கி, பின்னால் வீடு. தெருமுனை திரும்பும்போதே நெடி மூக்கில் ஏறிவிடும். மூடை தூக்குகிறவர்கள் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். வந்த புதிதில் நான் ஓயாமல் தும்மினேன். வத்தல் கிட்டங்கி உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கண் கலங்கியிருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஒரு காலத்தில் பெரியப்பாவின் வத்தல் தோணி தோணியாகக் கொழும்புக்குப் போனதாம். வெளியிலிருந்து வத்தல் வரவேண்டாம் என்று அந்த ஊர் சர்க்கார் நிறுத்திய பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. அவர் பெட்டியடியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலோன் என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானோ அங்கிருந்து வந்து இறங்கியவள். என்னை அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எந்தச் சொல்லும் சொன்னதில்லை என்பதுதான் சரி.

பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. நான் வந்த அன்றே எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மூன்று பேர் சாப்பிடுகிற அளவுக்குச் சோற்றைப் போட்டு, நான் விழிப்பதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் கெட்டுப்போகக்கூடாது. மாங்காய், நார்த்தங்காய், நெல்லிக்காய், மிஞ்சிய மீன் என்று எதைக் கண்டாலும் உப்பில் போட்டுவிடுவாள். உப்பு மலையாகக் குவிந்து கிடக்கிற ஊர். அள்ளிப் போடுவதற்கு யாரும் யோசிப்பதில்லை. "உப்பு பாத்துக்கிடும்ளா" என்பாள். அது அவளுக்கு ஒரு மந்திரம்போல. அவளுடைய ஜாடி அறையில் நின்றால் மூன்று வருஷத்துக்கு முந்திய கோடைக்காலம் அப்படியே இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிலோன்காரி என்று பேர் வைத்தார்கள். என் பேச்சைக் கேட்பதற்கென்றே சுற்றி நின்று ஏதாவது கேட்பார்கள். நான் பேசுவதை நிறுத்தினேன். மத்தியான மணி அடித்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் தண்ணீர் குடிக்க வந்தவள்போல இருக்கும். தனியாக நிற்பவள்போல இருக்காது. திரும்ப மணி அடிக்கிறவரை குடித்துக்கொண்டே இருக்க முடியாது அல்லவா? கையைக் கழுவுவேன், திரும்பக் கழுவுவேன்.

பென்சில் டப்பாவில் இருந்த கொச்சிக்காய் சுருங்கிக் கறுத்துவிட்டது. பெரியம்மா ஒருநாள் பையை உதறிச் சுத்தம் செய்தபோது, என்ன அழுகல் இது என்று வீசப் போனாள். பிடுங்கி வாங்கி, உள்ளே இருந்த விதைகளை எடுத்தேன். குளிக்கிற இடத்துக்குப் பின்னால், சுவரோரம் கொஞ்சம் நிழல் விழுகிற மண்ணில் ஊன்றினேன். "ஒரு கொச்சிக்காச் செடி மொளைக்குமா உங்க ஊர்ல?" மொளைக்கும் என்று காட்டிவிட்டால் போதும். காய்த்து, பழுத்து, அதை அம்மாவிடம் அனுப்பிவிட்டால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். என் கணக்கு அவ்வளவுதான்.

கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை ஊற்றினால் முளை கருகிவிடும். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் வரும். குடம் வைத்துக் காத்துக் கிடந்து பிடிக்க வேண்டும். எனக்குக் குடிக்கத் தரும் செம்பில் பாதியைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினேன். பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள். அடிப்பாள் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் அடிக்கவில்லை. மறுநாள் முதல் அரிசி கழுவிய தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் ஒரு சட்டியில் எனக்கென்று எடுத்துவைத்தாள். முளைத்த நாலைந்தில் ஒன்றுதான் நின்றது. கிழிந்த சாக்கை நாலு குச்சியில் கட்டி அதற்குப் பந்தல் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மலையில் பேசுகிற பேச்சில் அதனிடம் பேசுவேன். வேறு யாரிடமும் அப்படிப் பேச முடியவில்லை.

ஐப்பசியில் மழை பெய்தது. தையில் காய்த்தது. அப்பாவின் கடிதங்கள் பெரியப்பாவுக்கு வரும். கடைசி வரியில் பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்கும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே அம்மாவிடமிருந்து ஒன்றும் வராது.

ஆனால் தண்டல் இருந்தார். தோணியை ஓட்டிப் போகிற தலைவரைத் தண்டல் என்பார்கள். கழுத்தில் சிலுவையும் தோளில் சிவப்புத் துண்டுமாக, கரைக்கு வந்தால் பெரியப்பா கடையில் வந்து உட்கார்ந்து வெற்றிலை போடுவார். பெரியப்பாவின் வத்தலை அந்தக் காலத்தில் கொழும்புக்கு ஏற்றிப் போனவர் அவர்தான். இப்போது வேறு சரக்கு ஏற்றினார். அப்பா கொழும்புக்குச் சாமான் வாங்க வரும்போது இருவரும் பார்த்துக்கொள்வார்கள். அவரிடம் போய், அம்மாவுக்கு ஒரு சாமான் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அடுத்த நடை மாசி கடைசியில், அதற்குள் கட்டிவை என்றார். கெட்டுப்போகாத சாமானாக இருக்கட்டும் என்றும் சொன்னார். வழியில் காற்று விழுந்தால் எத்தனை நாளாகும் என்று அவருக்கே தெரியாதாம்.

அதனால்தான் காயவைக்க வேண்டி வந்தது. வத்தல் வியாபாரி வீட்டில் இருந்ததால் முறை எனக்குத் தெரியும். பறித்ததும் வெயிலில் போடக்கூடாது. சாக்கைப் போட்டு மூடி இரண்டொரு நாள் பழுக்கவிட வேண்டும். பிறகு ஓலைப்பாயில் பரப்பி, அடிக்கடி புரட்டி, பொழுது சாய்வதற்குள் அள்ளிவிட வேண்டும். பனி பட்டால் கறுத்துவிடும். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். மொட்டை மாடியை அங்கே தட்டட்டி என்பார்கள். மூடை வத்தல் பரப்புகிற பெரிய தட்டட்டியில், நடுவில் ஒரு சின்னப் பாயைப் போட்டு, அதில் ஒரு கை கொச்சிக்காயைப் பரப்பி, கிழிந்த குடையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கம்பக்கத்துத் தட்டட்டிகளில் பெண்கள் வடகம் பிழிந்தபடி ஒருவருக்கொருவர் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். அவர்கள் பேச்சு என் தலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். தூரத்தில் மாதா கோயில் கோபுரமும் தோணிகளின் பாய்மரங்களும் தெரியும். அதற்கும் அப்பால் எங்கேயோ அம்மா இருந்தாள். காக்கா வந்தால் விரட்டுவேன். அதைத் தவிர என்னிடம் வந்தவர்கள் யாருமில்லை.

காயவில்லை. அதுதான் விஷயம். பகலில் சுருங்குவதுபோல இருக்கும். சாயங்காலம் கடற்காற்று திரும்பியதும் திரும்ப நமத்து வழுவழுவென்று ஆகிவிடும். தோல் அத்தனை தடிமன். காம்போரம் ஒன்றிரண்டில் கறுப்புப் புள்ளி விழுந்தது. புள்ளி விழுந்ததைத் தனியே எடுத்துவைத்தேன். மறுநாள் இன்னும் நாலில் விழுந்தது. வாசனை மட்டும் போகவே இல்லை. கையில் எடுத்தால் எங்கள் மலை வீட்டு அடுப்படி அப்படியே வந்துவிடும்.

ஒருநாள் பெரியப்பா தட்டட்டிக்கு ஏறி வந்தார். நான் அங்கே இருக்கும்போது அவர் வந்தது அதுதான் முதல் தடவை. குனிந்து ஒன்றை எடுத்து, மூடை வத்தலைப் பார்ப்பதுபோலக் காதோரம் வைத்து ஆட்டினார். காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலக்கும். இது பேசவில்லை.

"தோல் தடிப்புளா. இது காயுத சாதி இல்ல. இந்தக் காத்துக்கு அழுவித்தான் போவும்" என்றார்.

கீழே இறங்கும்போது விரலை மூக்கருகே கொண்டுபோனதைப் பார்த்தேன். படியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என் அப்பாவைப் பார்க்க ஒரு காலத்தில் அந்த மலைக்குப் போய் வந்தவர். அம்மா கையால் சாப்பிட்டவர். அவருக்கும் ஏதாவது ஞாபகம் வந்திருக்கலாம். கேட்டிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் கேட்கிற ஆட்கள் இல்லை.

அன்றைக்கு நான் மறைக்காமல் அழுதேன். வத்தல் நெடி என்று சொல்ல முடியாத அழுகை. பெரியம்மா மேலே ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்டாள். அம்மாவுக்கு அனுப்ப வைத்தது அழுகிப்போகிறது என்றேன். அம்மா ஏன் வரவில்லை, எதற்காக இது காய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அம்மா வரவேண்டும் என்று பெரியம்மாவிடமே சொல்வதற்கு எப்படியோ கூச்சமாக இருந்தது. அவள் என் முகத்தை முந்தானையால் துடைத்தாள். ஒரு காயை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பாய் காலி. அடுப்படியில் ஒரு மண்சட்டி. அதில் என் கொச்சிக்காய் ஒவ்வொன்றும் குறுக்கே கீறப்பட்டு, உப்புப் போட்ட புளித்த மோரில் மிதந்துகொண்டிருந்தது. பெரியம்மாவின் கையெல்லாம் காந்திச் சிவந்திருந்தது. அத்தனை காரத்தை அவள் அதற்குமுன் கண்டதில்லை. கையைத் தேங்காய் எண்ணெயில் முக்கியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உப்பு பாத்துக்கிடும்ளா. இனி ஒரு வருசம் ஆனாலும் கெடாது. ஒங்கம்மை தின்னுட்டு உன்னைய நெனைக்கட்டும்" என்றாள்.

நான் சட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்தேன். மோர் வாசனை அடித்தது. உப்பு வாசனை அடித்தது. வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் அவற்றை வெயிலில் எடுத்துப்போட்டு, சாயங்காலம் திரும்ப மோரில் ஊறவைத்து, மறுநாள் எடுத்துப்போட்டாள். அழகாகக் காய்ந்தன. வெளுத்து, சுருங்கி, மேலே உப்புப் பூத்து, தூத்துக்குடியில் எந்த வீட்டு ஜாடியிலும் இருக்கிற மோர்மிளகாயாக ஆகிவிட்டன. உருவம் போயிற்று, மஞ்சள் போயிற்று, விதையும் உப்பில் வெந்து செத்தது. பெரியம்மா மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் இருந்தது. அவள் கை இன்னும் சிவந்திருந்தது.

ஆனாலும் ஒரு நம்பிக்கை. ஒரு தகர டப்பாவில் போட்டுத் தண்டலிடம் கொடுக்கும்போது நானே வாயால் சொல்லிவிடலாம். இது அந்தக் கொச்சிக்காய்தான், இங்கேயே முளைத்தது, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். நடந்து போகும்போதெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தோணி ஒருநாள் முந்திப் புறப்பட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தண்டல் வந்து டப்பாவை வாங்கிப் போய்விட்டார். என் கொச்சிக்காய் டப்பாவில் பாதிகூட இல்லையாம். அனுப்புகிற பாத்திரத்தைக் குறையாக அனுப்புவது அந்த வீட்டில் வழக்கமில்லை. பெரியம்மா தன்னுடைய ஜாடியிலிருந்து நீள மிளகாயில் போட்ட மோர்மிளகாயை மேலே கொட்டி, விளிம்புவரை நிரப்பி, துணியைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் பிள்ளை அவள் கையாலேயே செய்தது என்று சொல்லும்படியும் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பெருமை சேரட்டும் என்று நினைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் தட்டட்டியில் நின்று பார்த்தேன். பாய் விரித்த தோணிகள் இரண்டு மூன்று தெரிந்தன. எதில் என் டப்பா இருக்கிறது என்று தெரியவில்லை.

பங்குனி கடைசியில் தண்டல் திரும்பி வந்தார். கடையில் பெரியப்பா, வாசல்நிலையில் பெரியம்மா, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். தண்டல் வெற்றிலையைக்கூடத் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க தம்பி மட்டுமில்ல, அவரு வீட்டம்மாவும் வந்திருந்தாக. கைப்பிள்ளையோட கொழும்புத் துறைமுகத்துக்கே வந்துட்டாக" என்றார்.

கடலைப் பார்க்காத அம்மா எனக்காக மலையிறங்கி வந்திருக்கிறாள். பெட்டியோடு வந்தாளா என்று கேட்க வாய் வரவில்லை.

"பிள்ள அழுவுதாளா, மெலிஞ்சிருக்காளான்னு அதையே மாத்தி மாத்திக் கேட்டாக. நல்லா இருக்கா, இந்தா அவ கையாலயே செஞ்சதுன்னு டப்பாவக் குடுத்தேன். அங்கனயே நின்னு தொறந்தாக. மேல இருந்த மிளகாய எடுத்துக் கடிச்சிப் பாத்தாக. துணியத் திரும்பக் கட்டுனாக. பெறவு சொன்னாக: உப்பும் புளிப்பும் சரியா இருக்கு, எம்புள்ள கை அந்த ஊருக்கு ஆயிருச்சு, இனி அவ அங்கயே இருக்கட்டும், அக்காட்ட சொல்லிருங்கன்னு."

பெரியம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, எம் மவளே, எம் மவளே என்று அழுதாள். பெரியப்பா எழுந்து கிட்டங்கிக்குள் போய்விட்டார். நான் அவள் மடியில் கிடந்து, என்ன நடந்தது என்று விளங்காமல், கடைக்கு வெளியே ஒரு மாட்டுவண்டியில் உப்பு மூடை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளங்கியது வெகுகாலம் கழித்துத்தான். பிள்ளையில்லாத அண்ணனுக்கு என்னை வளர்க்கக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா சம்மதிக்கவில்லை. புருஷனின் அண்ணன் கேட்டதை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அதனால் தண்ணீரைக் குறை சொன்னாள், மண்ணைக் குறை சொன்னாள். முதலில் படிக்கப் போகட்டும், பிள்ளை ஏங்கினால் நானே போய் இருந்துவிடுகிறேன், அல்லது கூட்டிவந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாளாம். நான் ஏங்குகிறேனா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் மலையிறங்கி வந்தாள். அவளுக்குக் கிடைத்த பதில் அந்த டப்பா.

சித்திரை வந்தது, யாரும் வரவில்லை. அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் நின்றது. செடி பட்டுப்போயிற்று. நான் அதற்குத் தண்ணீர் கேட்கவில்லை.

பெரியம்மா என்னை நன்றாகத்தான் வளர்த்தாள். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகும். படிக்க வைத்தாள், நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாள், என் பிரசவத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். சாகும்போது என் கையைத்தான் பிடித்திருந்தாள். நானும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். என் தட்டில் மோர்மிளகாய் வைத்தால் மட்டும் ஒதுக்கிவிடுவேன். ஏன் என்று அவள் கேட்டதுண்டு. காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன். மகளாக இருந்துகொண்டு அதைவிடப் பெரிய பொய் ஒன்றும் அவளிடம் சொன்னதில்லை.

அப்பா ஒருவழியாகக் கடையை ஏறக்கட்டிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். தூத்துக்குடியிலேயே மில்லர்புரத்தில் வீடு பிடித்தார்கள். நான் பண்டிகைக்குப் பண்டிகை போய்ப் பார்ப்பேன். அம்மா என்னைக் கண்டதும் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவந்து, துடைத்து, உட்காரச் சொல்வாள். வீட்டில் இருப்பதிலேயே நல்ல டம்ளரில் காப்பி கொடுப்பாள். அக்கா சௌக்கியமா, அத்தான் சௌக்கியமா என்று பெரியம்மாவையும் பெரியப்பாவையும் விசாரிப்பாள். தம்பி மட்டும் அவள் பக்கத்தில் தரையில் சாய்ந்து கிடப்பான். நான் அந்த நாற்காலியின் நுனியில், வந்த விருந்தாளிபோல உட்கார்ந்திருப்பேன்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு மத்தியானம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் வேடிக்கைபோல ஆரம்பித்தேன். பென்சில் டப்பாவில் ஒன்றைக் கொண்டுவந்தது, பாதிச் செம்புத் தண்ணீர், சாக்குப் பந்தல், தட்டட்டியில் குடையோடு உட்கார்ந்தது, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அடுப்படியில் அவள் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்ததையும் சொன்னேன். டப்பாவின் அடியில் கிடந்தது அவளுடைய கொச்சிக்காய்தான் என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"அழுகிப்போனதையே அனுப்பியிருக்கலாமே புள்ள" என்றாள். "மூடியத் தொறந்ததும் வாசம் வந்திருக்குமே. அடுத்த கப்பல்ல ஏறியிருப்பேனே."

தெருவில் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்தேன். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சரி என்று நான் திரும்பவும் நாற்காலியில் உட்காரப் போனேன். அம்மா கீரைச் சுளகை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, தன் பக்கத்தில் தரையை உள்ளங்கையால் துடைத்தாள்.